நாலு மைலுக்கு ஒரு க்ரோ

டென்மார்க்கின் கிராமப்புறத்தில் நடந்து போகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது ஒன்று உண்டு. சாலையை ஒட்டியே, வெள்ளையடித்த, நீளமான, தாழ்ந்த கட்டடம். சில இடங்களில் நாணல் கூரை. சுவரில் பெரிய எழுத்தில் 'க்ரோ' என்று இருக்கும், பக்கத்தில் ஏதோ ஓர் ஆண்டு, சிலவற்றில் மேலே ஒரு கிரீடமும். வழிப்போக்கர்களுக்கான விடுதி. முன்கட்டில் சாப்பாடு, மாடியிலோ பின்கட்டிலோ படுக்கை. 'அரச சலுகை பெற்ற க்ரோ' என்று பலகையில் போட்டிருந்தால் இரண்டு விஷயங்களுக்குத் தயாராக வேண்டும். கட்டடம் பழையது, பில் கொஞ்சம் கூடவே வரும்.

இந்த க்ரோக்கள் தற்செயலாக முளைத்தவை அல்ல. ராஜ உத்தரவில் பிறந்தவை. 1283இல் எரிக் கிளிப்பிங் என்ற மன்னர், ராஜபாட்டைகளிலும் படகுத்துறைகளிலும் விடுதிகள் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார். அதற்கு முன்பெல்லாம் மன்னரின் ஆட்களும் பிரபுக்களும் வழியில் கண்ட குடியானவன் வீட்டில் இறங்கி, அவன் சேர்த்து வைத்த தானியத்தையும் வைக்கோலையும் காலி செய்துவிட்டுப் போவது வழக்கம். 1396இல் முதலாம் மார்கரேட் அரசி இன்னும் கறாராக, நாலு மைலுக்கு ஒரு விடுதி என்று கணக்கே வகுத்தார். டேனிஷ் மைல் நாம் படித்த மைல் இல்லை. பிற்பாடு அதை அளந்து நிர்ணயித்தபோது ஏறத்தாழ ஏழரைக் கிலோமீட்டர் வந்தது. ஆக நாலு மைல் என்றால் முப்பது கிலோமீட்டர். ஒருவன் விடிந்து கிளம்பி இருட்டுவதற்குள் நடந்து சேரக்கூடிய தூரம். நல்ல கால் இருந்தால்.

நம் ஊர்ச் சத்திரம் நினைவுக்கு வரலாம். ஆனால் சத்திரம் கட்டியவர்கள் புண்ணியக் கணக்கில் கட்டினார்கள், சோறும் இலவசம். க்ரோவில் புண்ணியத்துக்கு இடமே இல்லை, அது முழுக்கக் கொடுக்கல் வாங்கல். மன்னரின் ஆட்கள் வந்தால் படுக்கையும் குதிரைக்கு லாயமும் தயாராக இருக்க வேண்டும். பதிலுக்கு விடுதிக்காரர் வரி கட்டாமல் பீர் காய்ச்சலாம், சாராயம் இறக்கலாம், ரொட்டி சுடலாம். அந்தக் காலத்தில் இது சின்னச் சலுகையா? அக்கம்பக்கத்தில் எவனும் செய்ய முடியாத வியாபாரம். அதனால்தான் உரிமம் இல்லாத திருட்டு விடுதிகளும் கூடவே வளர்ந்தன. 1912இல் சட்டம் மாறி அந்தச் சலுகைகள் போய்விட்டன. பலகை மட்டும் போகவில்லை. யார்தான் கிரீடத்தைக் கழற்றுவார்கள்?

எது பழையது என்ற சண்டையும் உண்டு. மேற்கு ஷீலண்ட் தீவில் யூடரப் பக்கம் உள்ள ப்ரோமெல்ல க்ரோ 1198 என்று ஆண்டு போட்டுக்கொண்டு, நாட்டிலேயே மூத்தது தான்தான் என்கிறது. அங்கே ஒரு காலத்தில் விடுதிக்காரனும் பெண்டாட்டியும் வந்து தங்கியவர்களைக் கொன்று காசைப் பறித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சாப்பாட்டுக் கடைக்கு இப்படியும் ஒரு விளம்பரம்.

நான் ஆர்ஹுஸில் வேலையாக இருந்தபோது ஒரு மே மாதத்தில், ஹேர்னிங் ஊரில் வளர்ந்த ஒரு தம்பியோடு ஹேர்வை பாதையின் தெற்குப் பகுதியில் நடந்தேன். அவனுடைய அப்பா அம்மா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். நடு யூட்லாந்து ஊர்களில் அப்படி வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. இவன் பேசுகிற டேனிஷ் அந்த வட்டாரத்துக் குடியானவர் பேசுவது. தமிழ் அம்மாவுடையது. நடப்பதற்கு இப்படி ஒரு துணை அமைந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹேர்வை என்றால் படைகள் போன சாலை. படை போனது கொஞ்சம், மாடு போனதுதான் அதிகம். யூட்லாந்து தீபகற்பத்தின் நடுமேட்டிலேயே, ஆறுகளும் கடற்கழிகளும் ஆரம்பிக்கும் இடத்துக்கு மேலாகவே இந்தப் பாதை வளைந்து வளைந்து போகும். பாலம் இல்லாத காலத்தில் காலை நனைக்காமல் தெற்கே போக வேறு வழி கிடையாது. விபோர் நகரத்திலிருந்து இன்றைய ஜெர்மன் எல்லை வரை பழைய பாதை. இப்போது அடையாளம் போட்ட நடைபாதை வடக்கே ஹியர்ட்ஸ்ஹால்ஸ், ஃப்ரெடரிக்ஸ்ஹாவ்ன் துறைமுகங்கள் வரை நீள்கிறது. கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வியாபாரம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், 50,000 அளவில் எருதுகள் இந்த வழியே ஜெர்மன், டச்சுச் சந்தைகளுக்கு ஓட்டிப் போகப்பட்டிருக்கின்றன. மனிதன் பட்டினியோடு நடப்பான், எருது நடக்காது. நடந்தாலும் சந்தையில் எலும்பும் தோலுமாகத்தான் நிற்கும். அதனால் இந்தப் பாதையில் க்ரோ என்றால் முதலில் பட்டியும் வைக்கோலும் தண்ணீரும், பிறகுதான் மனிதருக்கான மேசை. ரோடெக்ரோ என்ற ஊர் அப்படி ஒரு சிவப்பு விடுதியைச் சுற்றி வளர்ந்ததுதான். ஊர்ப் பெயரே அந்த விடுதியின் பெயர்.

நாங்கள் தங்கிய க்ரோவின் பெயர் வேண்டாம். பாராட்டும் இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுப்பை எட்டு மணிக்கு அணைத்துவிடுவார்கள். மே மாதத்தில் எட்டு மணிக்கு அங்கே வெயில் முகத்தில் அடிக்கும். நடப்பவனுக்கு நேரமே தெரியாது. நாங்கள் நுழைந்தபோது ஏழே முக்கால். பரிமாறுகிற அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் பூட்ஸைப் பார்த்தார், "காலணி வெளியே, பன்றி இறைச்சி உள்ளே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெனு அட்டை வரவே இல்லை.

உள்ளே கூரை தாழ்வு. உயரமானவர்கள் உத்தரத்துக்குக் குனிந்துதான் போக வேண்டும். சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமான கிறிஸ்துமஸ் தட்டுகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆண்டு. பிங் & க்ரொன்டால் என்ற பீங்கான் நிறுவனம் 1895இல் ஆரம்பித்த வழக்கம் அது. வருஷத்துக்கு ஒரு தட்டு, புதிய படம். ராயல் கோபன்ஹேகனும் 1908 முதல் போட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் அதில் சாப்பிடுவதில்லை, ஆணியில் தொங்கும். தம்பி எழுந்துபோய்த் தான் பிறந்த வருஷத்துத் தட்டைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். அதில் இருந்தது ஏதோ ஒரு தேவாலயமும் நிறைய பனியும். எல்லாத் தட்டிலும் அதுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

அப்புறம் சாப்பாடு வந்தது. ஸ்டெக்ட் ஃப்ளெஸ்க், பார்ஸ்லி சாஸோடு. 2014இல் உணவுத்துறை அமைச்சகம் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி இதைத்தான் தேசிய உணவாக அறிவித்தது. பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறி, தோலோடு, சுண்டுவிரல் கனத்துக்கும் குறைவான நீளத் துண்டுகள். உப்பு போட்டு ஓவன் அடுப்பில் கம்பித் தட்டின் மேல் வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பி, கொழுப்பெல்லாம் சொட்டி வடிந்து ஓரம் சுருளும் வரை விடுகிறார்கள். சரியாக வந்திருந்தால் கடிக்கும்போது சத்தம் கேட்கும். கூட, அவித்துத் தோலுரித்த உருளைக்கிழங்கு. அதன் மேல் ஊற்றுவதற்கு வெள்ளைச் சாஸ். வெண்ணெயில் மாவை வறுத்து, பால் விட்டுக் கட்டி தட்டாமல் கிளறி, கடைசியில் சுருட்டை இலைப் பார்ஸ்லியை கைநிறைய நறுக்கிப் போட்டது. ஓரத்தில் காடியில் ஊறிய பீட்ரூட். அவ்வளவுதான். மிளகு உண்டு, தேடினால் ஜாதிக்காய் தட்டுப்படலாம்.

படிக்கும்போது சப்பென்று தோன்றும். எனக்கும் நகரத்து ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டபோது அப்படித்தான் இருந்தது. நாள் பூராவும் காற்றில் நடந்த உடம்புக்கு இது வேறு சாப்பாடு. உப்பு, கொழுப்பு, மாவு, புளிப்பு என்று உடம்பு கேட்கிற வரிசையிலேயே தட்டில் இருக்கிறது. உறைப்பு இல்லையே என்ற குறை எங்கள் இருவருக்குமே வரவில்லை. பீட்ரூட் புளிப்புதான் இதில் ஊறுகாய் வேலை பார்க்கிறது. ஒரு வாய் கறி, ஒரு துண்டு பீட்ரூட், மறுபடி கறி என்று போனால் திகட்டாது. பல க்ரோக்களில் இதற்கு ஒரே விலை, போதும் போதும் என்னும் வரை போடுவார்கள். தட்டு காலியானால் அந்த அம்மா பேசாமல் இன்னொரு தட்டம் கொண்டுவந்து வைப்பார். மூன்றாவது தட்டம் வந்தபோது தம்பி, "அண்ணா, இனி ஏலாது, சொல்லிப் போடுங்கோ" என்றான். அவனுக்குத்தானே டேனிஷ் தெரியும், நான் என்ன சொல்வது? கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குப் புரிந்தது.

இந்தத் தட்டைப் பாரம்பரியம் என்று மெனுவில் போடுகிறார்கள். எந்தப் பாரம்பரியம் என்று துருவிப் பார்த்தால்தான் வேடிக்கை. மார்கரேட் அரசியின் ஆட்கள் இதைச் சாப்பிட்டிருக்கவே முடியாது. உருளைக்கிழங்கு டென்மார்க்குக்கு வந்ததே 1720 வாக்கில், ஃப்ரெடரீசியா நகரில் குடியேறிய பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகளோடு. பிறகு 1759 முதல் தென் ஜெர்மனிப் பகுதிகளிலிருந்து குடும்பங்களைக் கூட்டிவந்து, யூட்லாந்தின் பாழ் நிலத்தில் குடிவைத்தார்கள். அவர்களுக்கு அக்கம்பக்கம் வைத்த பெயரே 'உருளைக்கிழங்கு ஜெர்மானியர்'. அவர்களுக்குக் கொடுத்த பொட்டல்களில் ராண்ட்பெல் ஹீத் இந்தப் பாதைப் பக்கம்தான்.

கறியை வறுப்பதும் பழசில்லை. திறந்த அடுப்பில் தொங்கவிட்ட பானைதான் குடியானவன் வீட்டில் இருந்தது, அதில் வேகவைக்கத்தான் முடியும். இரும்பு அடுப்பு 19ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகே வறுவல் சாதாரண வீட்டுக்கு வந்தது. பன்றியோ அதற்கும் பின்னால். 1870களிலும் எண்பதுகளிலும் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவில் வந்து குவிந்து விலை சரிந்ததும், டேனிஷ் விவசாயிகள் தானியத்தை விற்பதை விட்டுவிட்டு மாட்டுக்கும் பன்றிக்கும் போட ஆரம்பித்தார்கள். 1882இல் யெட்டிங் கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை, 1887இல் ஹோர்சன்ஸ் நகரில் முதல் கூட்டுறவு இறைச்சிக்கூடம். வெண்ணெய் எடுத்த பால் பன்றிக்கு, வெண்ணெயும் பேக்கனும் இங்கிலாந்துக்கு. நாடே பன்றிக் கணக்கில் நிமிர்ந்தது. ஆக, 1283ஐச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு பரிமாறுகிற சாப்பாட்டுக்கு வயது ஒன்றரை நூற்றாண்டு இருந்தால் அதிகம். இதனால் ருசி குறைந்துவிடாது. வழிப்போக்கர் விடுதியின் தட்டில் இருப்பதும் வழிப்போக்காக வந்தவைதான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

உண்மையிலேயே பழசு வேண்டும் என்றால் காலையில் கிடைக்கும், எல்லா இடத்திலும் அல்ல. ஒல்லெப்ரொட் என்பார்கள். ரை என்ற தானியத்தில் சுட்டு மீந்துபோன ரொட்டியை இனிப்புக் கறுப்பு பீரில் ஊறவைத்துக் காய்ச்சிய கூழ். மேலே பாலோ க்ரீமோ. நிறம் சேறு. பழைய சோற்றில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதில் அருவருக்க ஒன்றுமில்லை. நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன், தம்பி முதல் கரண்டியோடு நிறுத்திவிட்டுக் காப்பிக்குப் போய்விட்டான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்பார்கள் என்று தெரியும். க்ரோ சமையலறை உங்களை நினைத்துக் கட்டப்பட்டது அல்ல. தப்பிக்க வழி முட்டை. இரும்பு வாணலியோடு மேசைக்கு வரும் பெரிய கனத்த முட்டை அடை, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் மாதிரியான சைவ்ஸ், தக்காளி. வழக்கமாக பேக்கன் துண்டுகளை அடுக்குவார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் விட்டுவிடுவார்கள். முட்டையும் ஆகாது என்றால் ரை ரொட்டியும் வெண்ணெயும் சீஸும்தான். மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. வறுத்த தட்டை மீனும், வேகவைத்த மீனும், இறாலும் ஒரே ரொட்டித் துண்டில் கோபுரமாக வரும். சுவை நன்றாக இருக்கும், கத்தியால் எங்கே ஆரம்பிப்பது என்பதுதான் புரியாது.

குடிக்கிறவர்களுக்கு இந்தப் பாதையில் ஒரு கதையும் சேர்த்து ஊற்றித் தருவார்கள். எல்லைக்குச் சற்று வடக்கே பொம்மர்லுண்ட் என்ற இடத்தில் ஒரு க்ரோ இருந்தது. 1760இல் ஒரு பிரெஞ்சுக் குதிரைப்படை வீரன் அங்கே தங்கி, கையில் காசில்லாமல், பில்லுக்குப் பதிலாக ஒரு சாராயச் செய்முறையை விடுதிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்பது கதை. சீமைச் சீரகமும் சோம்பும் வாசனையாய் அடிக்கும் சரக்கு. பொம்மர்லுண்டர் என்று இன்றைக்கும் விற்கிறார்கள். இப்போது அது ஜெர்மன் சரக்கு, டேனிஷ் ஊரின் பெயரோடு. வீரன் நிஜமா கற்பனையா என்று நான் சண்டைக்குப் போகவில்லை. பில் கட்டாதவனைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசும் விடுதிக்காரர்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

க்ரோக்களைக் கிட்டத்தட்ட முடித்துக்கட்டியது ரயில். 1847இல் கோபன்ஹேகனிலிருந்து ரோஸ்கில்டுக்கு முதல் ரயில் ஓடியது. அடுத்த சில பத்தாண்டுகளில் நாடெங்கும் இருப்புப்பாதை வந்தது. நாலு மைலுக்கு ஒருமுறை நிற்க வேண்டிய அவசியம் போயிற்று. ஸ்டேஷன் வந்த ஊர் வளர்ந்தது, ஸ்டேஷனுக்கு எதிரே புது ஓட்டல் வந்தது, பழைய சாலையோர க்ரோ தூங்கிவழிந்தது. பிறகு கார் வந்து கொஞ்சம் எழுப்பியது, நெடுஞ்சாலை வந்து மறுபடி படுக்க வைத்தது. இன்றைக்கு இவற்றில் பலவற்றை ஓட்டிக்கொண்டிருப்பவை விசேஷங்கள். கன்ஃபர்மேஷன் என்ற கிறிஸ்தவச் சடங்கு, வெள்ளி விழாத் திருமணநாள், ஐம்பதாவது பிறந்தநாள், சாவு வீட்டுக் காப்பி. பின்பக்கம் ஒரு பெரிய கூடம் இல்லாத க்ரோ அரிது. நடப்பவர்கள் அந்த விசேஷங்களுக்கு நடுவே நுழைந்துகொள்கிற கூட்டம், வார நாட்களில் வருவார்கள், நிறையச் சாப்பிடுவார்கள், சீக்கிரம் தூங்குவார்கள். விடுதிக்காரர்களுக்குப் பிடிக்காமல் இருக்குமா? பணம் மிச்சம் பிடிப்பவர்களுக்குப் பாதை நெடுக எளிய தங்குமனைகளும் உண்டு, தொழுவத்தை மாற்றிப் படுக்கை போட்டவை. சாப்பாடு நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தம்பியின் அக்காவுக்குச் சாமத்திய வீடு, அதாவது மஞ்சள் நீராட்டு, நடந்தது இப்படி ஒரு கிராமத்துக் கூடத்தில்தானாம். க்ரோவில் இல்லை, ஊர் மக்களே பங்கு போட்டுக் கட்டிய பொதுக்கூடத்தில். சமையலை வீட்டார் பார்த்துக்கொள்ளலாம், வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்ற கெடுபிடி கிடையாது. யூட்லாந்துத் தமிழர் பலருக்கு இந்தக் கூடங்கள் நன்றாகப் பழக்கம்.

அந்தக் கூடங்களுக்கும் க்ரோவுக்கும் இந்தத் தெற்குப் பகுதியில் ஒரு பழைய பகை உண்டு. 1864இல் டென்மார்க் போரில் தோற்று, இந்தப் பகுதி அடங்கிய ஷ்லெஸ்விக் பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1920இல் மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு வடக்குப் பாதி திரும்பி வரும் வரை, நாங்கள் நடந்த நிலமெல்லாம் ஜெர்மனி. டேனிஷ் பற்றுள்ளவர்கள் கூட்டம் போட வேண்டும், பாட்டுப் பாட வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? ஊரில் பெரிய கூடம் இருப்பது க்ரோவில். விடுதிக்காரர் கதவைத் திறந்தால் அவருடைய உரிமம் போய்விடும். அதனால் திறக்கவில்லை. மக்கள் தாங்களே கூடங்கள் கட்டிக்கொண்டார்கள். அதிகாரிகள் அங்கே மது விற்க அனுமதி தரவில்லை. சரி, காப்பி குடிக்கலாம், காப்பிக்குத் தடை இல்லையே. காப்பிக்கு ஒரு கேக் வேண்டும். ஒருத்தி ஒரு கேக் கொண்டுவந்தால் பக்கத்துப் பண்ணைக்காரி சும்மா இருப்பாளா? அப்படி வளர்ந்ததுதான் தென் யூட்லாந்துக் காப்பி மேசை. மென்மையானவை ஏழு, மொறுமொறுப்பானவை ஏழு என்று கணக்குச் சொல்வார்கள். முதலில் வெண்ணெய் தடவிய பன், பிறகு மென்மையான கேக்குகள், அடுக்குக் கேக், கடைசியில் பிஸ்கட் வகைகள். மேசையின் ராணி ரை ரொட்டித் தூளில் செய்கிற கேக். நடுவில் பிளாக்கரண்ட் ஜாம், மேலே மலை மாதிரி க்ரீம். ரொட்டிக்குள் இருக்கும் லேசான புளிப்பு ஜாமோடு சேரும்போது, இதைக் கேக் என்று சொல்வது கஞ்சத்தனம் என்று தோன்றும்.

இப்போது இந்த மேசையை விரிப்பதே க்ரோக்கள்தான். அன்றைக்குக் கதவைச் சாத்தியவர்களின் வாரிசுகள் இன்றைக்குத் தலைக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் முன்பதிவு வேண்டும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு ஓர் ஓய்வூதியர் குழுவின் மேசையில் இரண்டு நாற்காலி கிடைத்தது. எதிரே இருந்த பெரியவர் எங்கள் தட்டையே கவனித்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரு வகையைத் தாண்டிப் போகப் பார்த்தபோது விரலை ஆட்டினார். எல்லாவற்றிலும் ஒன்று எடுத்தே ஆக வேண்டுமாம், இல்லாவிட்டால் செய்தவளுக்கு அவமானம். செய்தவர் அங்கே இல்லை, பேக்கரியிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனாலும் எடுத்தோம். பிஸ்கட்டுக்கு வந்தபோது இடமில்லை. அவரே காகிதக் கைத்துண்டில் ஏழு வகையும் சுற்றி என் பையில் செருகினார். மறுநாள் கெய்லோ பாலத்துக் கல்லில் உட்கார்ந்து பிரித்தோம். 1818இல் கட்டிய கருங்கல் பாலம், கீழே ஆறு என்று சொல்லக் கூச்சப்படும் அளவுக்குத் தண்ணீர். இஞ்சி போட்டது பிரமாதம், வாஃபிள் மாதிரி சுருட்டியது நொறுங்கித் தூளாகியிருந்தது, வெள்ளையாய் இருந்த ஒன்று பல்லைப் பதம் பார்க்கிற ரகம். அதைத் தம்பியிடம் தள்ளிவிட்டேன்.